இரண்டு எழுத்துப் பேச்சு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்து அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சாமானைக் கொண்டுவருகிறவர்களை நாலு வார்த்தை திட்டாமல் நான் ஸ்குரூவைக் கழற்றியதில்லை. டிவி மேல் பூந்தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், ரேடியோவை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள், திட்டாமல் என்ன செய்வது? அழகேசன் திட்டினாலும் வேலை சுத்தம் என்று ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த நினைப்பில் என் வாய்க்கு இன்னும் கொழுப்பு ஏறியிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம், ஆயுத பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான வேளையில் சபாக் பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்கள். முன்னால் உயரமான ஒரு மனிதர். மூக்குக்குக் கீழே தெரியாதபடி வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நடந்துவந்தார். கண் தெரியாதவர் என்பது அவர் படி ஏறிய விதத்திலேயே தெரிந்தது. கடைசியாக வந்த இளம்பெண் தலையணை உறையில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

உறையைப் பிரித்து என் மேசைமேல் வைத்தாள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பெட்டி. மேலே கைப்பிடி, நடுவில் ஒலிபெருக்கிக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், கீழே வழவழப்பான ஒரே தகட்டில் இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்தைத் தொட்டால் பெட்டி அதன் பேரைச் சொல்லும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாடுகிற சாமான்.

"ஒரு பொம்மைக்கு மூணு பேரு பஸ் ஏறி வந்தீங்களா?" என்றேன். "டிக்கெட்டுக்குப் போட்ட காசுல புதுசா ஒண்ணு வாங்கியிருக்கலாம் லா."

"இது இப்ப எங்கயும் விக்கிறதில்லண்ணே. கேஎல் டவுன் முழுக்கத் தேடிட்டேன்." அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பா இதுலதான் பேசுறாரு."

அவள் பெயர் கலாவதி. அப்பா காளியண்ணன், அம்மா இராஜம்மா. காளியண்ணன் சபாக் போகிற ரோட்டில் உள்ளடங்கிய ஓர் எஸ்டேட்டில் மண்டோராக, ஆட்களை மேய்க்கிற கங்காணியாக இருந்தவர். இருபத்திரண்டு வருஷம் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று ஒவ்வோர் ஆளாகப் பேர் கூப்பிட்ட மனிதர். அவர் குரல் கேட்டால் கடைசி லயத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனும் எழுந்து ஓடிவருவானாம். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தில் நாக்கில் புற்று வந்து, முந்தின வருஷம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நாக்கையே எடுத்துவிட்டார்கள். இராஜம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம்.

"எழுதிக் காட்டலாமே?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதுவாரு. யாரு படிக்கிறது? எனக்கு ரவாங்ல ஃபேக்டரி வேலை. சனிக்கிழமதான் வீட்டுக்கு வருவேன். மத்த நாளெல்லாம் அவங்க ரெண்டு பேருதான்."

"கையில தட்டிக் காட்டலாம்ல?"

இதற்கு இராஜம்மாவே பதில் சொன்னார். "விரலெல்லாம் மரத்துப்போச்சு தம்பி. சுடுதண்ணி பட்டாக்கூடத் தெரியாது. தோள்ல தட்டுனா வா, போன்னு புரியும். அதுக்கு மேல என்னத்தப் புரியும்?"

பெட்டி வந்த கதையையும் அவரே சொன்னார். தொரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் அவர். தொரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பியபோது பிள்ளை விளையாடிய பெட்டியைக் கலாவதிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் வளர்ந்த பிறகு அது அலமாரி மேல் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் காளியண்ணன் அதை எடுத்துத் தூசி தட்டி பேட்டரி போட்டிருக்கிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பேச்சு என்று புருஷனும் பெண்சாதியுமாக முடிவு செய்துகொண்டார்கள். மகள் வந்த சனிக்கிழமைகளில் அவர் எழுதியதை அவள் படித்துச் சொல்ல, இராஜம்மா மனப்பாடம் செய்துகொண்டார். அப்புறம் மகளுடைய உதவியும் தேவைப்படவில்லை.

"மொதல்ல எவனோ வெள்ளக்காரன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு பயந்துட்டேன்," என்று இராஜம்மா சிரித்தார். "இப்ப அதுதான் இவரு கொரலு. பழைய கொரலு எப்படி இருந்துச்சுன்னு ரோசன பண்ணிப் பாத்தாத்தான் ஞாபகம் வருது."

ஆறு நாளாக அந்தக் குரல் இல்லை. நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் வருகிற சின்ன ராகம் வந்தது. எந்த எழுத்தை அமுக்கினாலும் பதில் இல்லை. அப்படியென்றால் பேசுகிற பாகம் உயிரோடு இருக்கிறது, எழுத்துத் தகட்டில்தான் கோளாறு. அவர்கள் முன்னாலேயே திறந்தேன்.

அந்த மாதிரித் தகட்டில் தனித்தனிப் பொத்தான்கள் கிடையாது. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மசியால் கோடு கோடாக அச்சடித்திருப்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட இன்னொரு தாள். விரலால் அமுக்கினால் மேல் கோடு ஓட்டை வழியாகக் கீழ்க் கோட்டைத் தொடும், எழுத்து பேசும். தாளின் ஓரத்தில் வால் மாதிரி ஒரு துண்டு நீண்டு உள்ளே சர்க்யூட் பலகையில் செருகியிருக்கும். எல்லாம் தலைமுடி கனம். ஈரம் ஆகவே ஆகாது.

தாளைப் பிரித்ததும் எனக்கு வாசனை வந்தது. சந்தன வாசனை. மூன்று தாளுக்கும் நடுவில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் குங்குமம் கலந்து ஓடியிருந்தது. வெள்ளிக் கோடுகள் இருந்த இடத்தில் கறுப்புக் கறுப்பாகத் தூள்தான் மிச்சம்.

"எந்த அறிவுகெட்டவன் இதுக்குச் சந்தனம் பூசினது?" என்று கத்திவிட்டேன். "அரைச்சுக் கரைச்சு உள்ள ஊத்துன மாதிரி இருக்கு! தண்ணி எறங்கி மொத்தக் கோட்டையும் தின்னுபோட்டிருக்கு. இது என்ன, சாமி செலையா?"

 காளியண்ணன் என்னைப் பார்த்து அவசரமாகக் கையை ஆட்டினார். அது எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் இராஜம்மா வாயைத் திறந்துவிட்டார்.

"நான்தான் தம்பி. வெள்ளிக்கிழமன்னா ஈரத் துணியால தொடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வைப்பேன். ஆயுத பூசைக்குக் கொஞ்சம் கூடுதலா வச்சேன். அவரு வாயில்ல அது?"

நானும் ஆயுத பூசை கும்பிடுகிறவன்தான். மீட்டருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் விரல் நுனியால் தொட்டு ஒரு பொட்டு வைப்பேன். அந்த அம்மாளுக்கு விரல் நுனி இருந்தும் இல்லையே. எவ்வளவு எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம், துணியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது எதுவும் தெரியாமல், ஒரு வருஷமாக வெள்ளி தவறாமல் புருஷன் வாயைக் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறார். என் நாக்கையும் யாராவது எடுத்துவிட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

காளியண்ணன் மேசைமேல் கழற்றி வைத்திருந்த தகட்டை இழுத்து ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். 'எம்' எழுத்து. அமுக்கினார், அமுக்கினார். சத்தம் எங்கிருந்து வரும்? இராஜம்மா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"என்னாங்க? கோவமா இருக்கீங்களா?" என்றார்.

காளியண்ணன் தகட்டை விட்டுவிட்டுப் பெண்சாதியின் தலைமேல் கையை வைத்தார். அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். காளியண்ணன் என்ன சொல்ல வந்தார் என்று கலாவதியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கு நாலஞ்சு எழுத்துதான்ணே தெரியும். மத்ததெல்லாம் அவங்களுக்குள்ள பேசி வச்சது," என்றாள்.

"ரெண்டு வாரத்துல பண்ணித் தரேன்," என்றேன். ஆகாது என்று அப்போதே தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாளிலிருந்து மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதையே கட்டிக்கொண்டு அழுதேன். அந்தத் தாளில் ஈயம் வைக்க முடியாது. சூடு பட்டால் சுருண்டுவிடும். பென்சில் கரியைச் சுரண்டிப் பசையில் குழைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பேசியது, காய்ந்ததும் வெடித்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித் தாளை முடி முடியாக வெட்டி ஒட்டினேன். இரண்டு எழுத்தை அமுக்கினால் ஆறு எழுத்து கத்தியது. கோலாலம்பூர் போய் நாலு கடை ஏறி இறங்கி, மின்சாரம் ஓடுகிற வெள்ளிப் பூச்சு ஒரு குட்டிப் பாட்டில் வாங்கி வந்தேன். அதைப் பூசியும் ஒரு கோடுகூட நிற்கவில்லை.

கடைசியில் தாளையே தூக்கிப் போட்டுவிட்டு, பலகையிலிருந்து நேராக ஒயர் இழுத்து, எழுத்துக்கு ஒரு காலிங் பெல் பொத்தான் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால் என்ன? பார்க்கிற கண்ணா அந்த வீட்டில் கேட்கிறது? கொஞ்சம் சந்தோஷமாகவே பலகையைத் திருப்பினேன். அப்போதுதான் உண்மையான கேடு தெரிந்தது. தாளின் வால் வழியாகச் சந்தனத் தண்ணீர் பலகைக்கும் இறங்கியிருந்தது. பேசுகிற ஐசி சில்லில், எழுத்துத் தகட்டோடு சேர்கிற கால்களில் பாதி பச்சை பூத்து உதிர்ந்துவிட்டன. மீதிக் கால்கள் தொட்டால் விழுகிற நிலையில் இருந்தன. அந்தப் பெட்டிக்கென்றே செய்த ஐசி அது. வேறு எங்கும் கிடைக்காது.

அந்தச் சனிக்கிழமை ரவாங்கிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் கலாவதி கடையில் இறங்கினாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். "ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் செய்யிறதுக்கில்லன்னுட்டாங்கண்ணே. திரும்ப வந்துருச்சாம். கழுத்து வரைக்கும் போயிருச்சு. வீட்டுல வச்சுப் பாத்துக்கச் சொல்றாங்க. ஒரு மாசம் இருப்பாருன்னாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் பொட்டி எப்ப வரும், பொட்டி எப்ப வரும்னு உசிர எடுக்குறாங்க. அவரு வாய நானே அடைச்சுட்டேனேன்னு அழுவுறாங்க."

நான் கத்தியதைத்தான் அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களால்தான் என்று கலாவதி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பெட்டியையும் சாமான்களையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். லயத்தில் ஆறு மணிக்குத்தான் மின்சாரம் விடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. காளியண்ணன் முன் அறையில் கித்தான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு வழியாகப் பால் குழாய் மாட்டியிருந்தது. மூன்று வாரத்துக்குள் அந்த உயரமான மனிதர் பாதியாகியிருந்தார். இராஜம்மா அவர் நெஞ்சில் காதை வைத்துச் சாய்ந்திருந்தார். மோட்டார் சத்தம் கேட்டு எழுந்தார்.

"வந்துருச்சா தம்பி?"

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். "எல்லா எழுத்தும் இனிமே வராதுக்கா. ஒம்போது எழுத்துக்குத்தான் வழி இருக்கு. அதுலயும் ஐசி காலெல்லாம் இத்துப்போச்சு. ஒவ்வொரு வாட்டி சூடு வைக்கிறப்பவும் மொத்தமாப் போயிரலாம். ரெண்டு எழுத்து வரைக்கும் துணிஞ்சு செய்யலாம். எந்த ரெண்டு வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

இருபத்தாறு பேச்சில் இரண்டை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். ஒன்பது எழுத்தையும் வரிசையாகச் சொன்னேன். இராஜம்மா விரல்களை மடக்கி மடக்கிக் கேட்டார். தண்ணிக்கு வைத்த எழுத்து அதில் இல்லை, பாலுக்கு வைத்தது இருந்தது. கலாவதி பேர் இல்லை. "ஓ" இருந்தது.

"ஓ வேணும்," என்றார் உடனே. "வலிக்குதுன்னு அர்த்தம். ஓன்னா வலிக்கிற சத்தம் மாதிரி இருக்குதுல்ல, அதுனால வச்சோம். மருந்து இருக்கு தம்பி, ஆஸ்பத்திரியில கொடுத்தது. வலி வந்தாக் குழாயில ஊத்தச் சொன்னாங்க. வலி வந்தது எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியப் பாக்க முடியுதா?"

காளியண்ணன் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்துப் பெரிதாக ஓர் எழுத்தை எழுதி என்னிடம் காட்டினார். கடையில் அமுக்கிய அதே எழுத்து.

"எம் வேணுமாம்க்கா," என்றேன்.

இராஜம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கலாவதி, "எம்முன்னா என்னாம்மா?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல. இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். முன்னயெல்லாம் நான் கூப்பிட்டா ம்ம்னு சொல்வாருல்ல, அது மாதிரி. நான் அடுப்படியில இருக்கிறப்ப அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வாட்டி அமுக்குவாரு. நான் பயந்துக்குவேன்னு." அப்புறம் புருஷன் இருந்த பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது. "இருக்கிற ஆளு இருக்கேன்னு எதுக்குச் சொல்லணும்? நான்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கேனே. வலியச் சொல்லுங்க. பாலச் சொல்லுங்க. அதச் சொன்னா நான் எதாச்சும் செய்வேன்ல?"

காளியண்ணன் நோட்டில் அந்த எழுத்தின் கீழே இரண்டு கோடு போட்டார். அதை அந்த அம்மாள் பார்க்கவா போகிறார்? எனக்குத்தான் கண்ணைக் கரித்தது. இரண்டு பேருமே சொல்வது சரி. யாராவது ஒருவர் தப்பாகப் பேசியிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"ஆளுக்கு ஒண்ணு," என்றேன். "ஓவும் வைக்கிறேன், எம்மும் வைக்கிறேன். பால் நேரத்துக்கு ஊத்துனாப் போதும். ஆனா எத மொதல்ல வைக்கிறது?"

முதல் எழுத்து நிச்சயம், இரண்டாவது சந்தேகம் என்பதை நான் சொல்லவில்லை. காளியண்ணனுக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெண்சாதியை நோக்கிக் கையைக் காட்டினார். அவள் கேட்டதை முதலில் வை என்று.

விளக்கு எரிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். சால்டரிங் அயர்னின் முனையை ஊசி மாதிரி தீட்டி வைத்திருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு காலில் ஒயரை ஒட்டினேன். நின்றது. இன்னொரு கால். அதுவும் நின்றது. காலிங் பெல் பொத்தானை மாட்டிக் காளியண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அமுக்கினார்.

"ஓ," என்றது பெட்டி. நாலு வாரமாகக் கேட்காமலிருந்த வெள்ளைக்காரனுடைய கரகரத்த குரல்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" இராஜம்மா கையைத் தட்டிக் குழந்தை போலச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "வலிக்குதாங்க?" என்று கேட்டார்.

காளியண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். "இல்லையாம்க்கா, சும்மா பாத்தாரு," என்று நான் சொன்னேன்.

எம்முக்கு இன்னும் ஒரே ஒரு கால்தான் வேண்டியிருந்தது. இன்னொரு கால் ஓவுக்கு வைத்ததே போதும். ஆறவிட்டு, முனையைத் துடைத்து, மறுபடி மூச்சை அடக்கி வைத்தேன். ஈயம் உருகுவதற்குள் கால் அடியோடு பெயர்ந்து என் ஒயர் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சத்தம்கூட இல்லை. ஐசியின் உடம்பில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்தான் இருந்தது. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு மேல் சுரண்டினால் ஓவும் போய்விடும்.

"போச்சுண்ணே," என்றேன் காளியண்ணனிடம். வேறு யாரைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினார். 'இருந்து சாப்பிட்டுப் போங்கள்.'

சாப்பிட உட்கார்ந்தபோது இராஜம்மாவிடம், "சந்தனத்தால இல்லக்கா. சாமான் பழசு, அதுவாவே கெட்டிருக்கும்," என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்கதான தம்பி அன்னிக்குச் சொன்னீங்க," என்றார். அந்தக் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

தீபாவளி போய் ஒன்றரை மாதம் இருக்கும், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். கலாவதியும் இராஜம்மாவும் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கடைக்குள்ளிருந்தே பார்த்தேன். இப்போது அந்த அம்மாளின் கை மகளுடைய தோளில் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாசல் பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, கலாவதி பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"காரியம் முடிஞ்சு நாலு நாளாச்சுண்ணே," என்றாள். குரலை இறக்கிக்கொண்டு வேகமாகப் பேசினாள். "கடைசி பத்து நாளு நான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். அவரு ஒரு வாட்டிகூட அந்தப் பொத்தான அமுக்கல. துண்ட வாயில திணிச்சுக் கடிப்பாரு. அம்மாவுக்கு மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாதுன்னு. மூணு துண்டு கிழிஞ்சுபோச்சு. நான் மருந்து ஊத்தப் போனா அம்மா பக்கம் கையக் காட்டுவாரு. சொல்லாதேன்னு. அம்மா வெளிய போற நேரம் பாத்துத்தான் ஊத்துவேன். நான் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாரோ தெரியல."

 வலிக்கென்று நான் வைத்துக்கொடுத்த பொத்தான் கைக்கடியில் இருக்க, அந்த மனிதர் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இங்கதான் இருக்கேன் என்று சொல்ல ஆசைப்பட்டவருக்கு வலிக்குது என்ற ஒரே பேச்சை விட்டுவைத்தது என் கை.

"கலா," என்று வாசலிலிருந்து இராஜம்மா கூப்பிட்டார். அவள் போய்க் கூட்டிவந்தாள். அந்த அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இத நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது வேலை செய்யுதா?"

"எதுக்குக்கா?"

"கொல்லைக்குப் போற நேரம் தவிர நான் பக்கத்தவிட்டு நகரல. பொத்தான் அவரு கைக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு தடவகூட ஓன்னு சத்தம் வரல. நானும் மருந்து ஊத்தல. இது நடுவுல கெட்டுப்போயிருந்துச்சுன்னா அவரு அமுக்கி அமுக்கிப் பாத்திருப்பாரு. நான் மரம் மாதிரி உக்காந்திருந்திருப்பேன்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "கலாவ அமுக்கிக் காட்டச் சொல்லலாம். நடுவுல ஒயரு விட்டிருந்தாலும் ஒட்டி வச்சுட்டு அவ எனக்காகப் பொய் சொல்லுவா. நீங்க சொல்ல மாட்டீங்க. அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு நீங்க."

கலாவதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் பேட்டரியைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன். எல்லாம் நான் வைத்தது வைத்தபடியே இருந்தது. பொத்தானை அமுக்கினேன்.

"ஓ," என்றது பெட்டி.

இராஜம்மா மேசை விளிம்பை விட்டுச் சரிந்தார். கலாவதி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"அப்ப வலி இல்ல," என்றார் அந்த அம்மாள். "வலிச்சிருந்தா அமுக்கியிருப்பாருல்ல?"

"ஆமாக்கா," என்றேன். "அமுக்கியிருப்பாரு."

அவர் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க தம்பி," என்றார். "நீங்க மட்டும் இதச் சரி பண்ணித் தரலன்னா, அவரு வலியில்லாமத்தான் போனாருன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"